தேக்கில் வெந்த தாஹு

ஜகார்த்தா,
14 ஜூன் 1998

அன்புள்ள பாரினி அக்காவுக்கு,

இங்கே உங்கள் தம்பியும் நானும் நலம். அங்கே சேனோ எப்படி இருக்கிறான் என்று போன வாரம் பூத்திலிருந்து போன் செய்து கேட்டேன். மீட்டர் ஓடிய மூன்று நிமிடத்தில் இரண்டரை நிமிடம் நான் அழுதேன். மீதி அரை நிமிடம் நீங்கள் யாரோ ஆளைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் கடிதம்.

மே மாதக் கலவரத்தில் இந்த நகரம் எரிந்தபோது நீங்கள் தற்செயலாக எங்கள் வீட்டில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். தீ அடங்கியதும் முதல் ரயிலில் சேனோவைத் தூக்கிக்கொண்டு புளோராவுக்குப் போனீர்கள். அதை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். ஆனால் "ரெண்டே வாரம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இன்று இருபத்தேழாவது நாள். ஜனாதிபதி இறங்கிவிட்டார், புது ஆள் ஏறிவிட்டார், எங்கள் தெருமுனையில் எரிந்துபோன கடைக்குக் கூரை போடுகிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளை அம்மாவிடம் வர இதற்கு மேல் என்ன நடக்க வேண்டும்?

காற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முன்பெல்லாம் "உங்க ஊர்ல மூச்சு விட்டா மூக்குல தார் ஒட்டுது" என்பீர்களே, அது இப்போது இல்லை. வருஷத்துக்கு இந்த நாடு எவ்வளவு கார்பன் புகை விடுகிறது என்று கூட்டிப் பார்த்து உலக மாநாட்டுக்கு எழுதுவதுதான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். பாதி சிமெண்ட் சூளைகள் அணைந்துவிட்டன. கட்டிடங்கள் பாதியில் நிற்கின்றன. பெட்ரோல் விற்பனை விழுந்துவிட்டது. மதியத்தில் எங்கள் அலுவலக மாடியிலிருந்து சாலாக் மலை தெரிகிறது. எட்டு வருஷமாக அங்கே காவல் காக்கிறவர் அதை யாரோ புதிதாகக் கட்டியது என்று நினைத்தார்.

சில கேள்விகள். சேனோ குப்புறப் படுக்கிறானா? ஊறிய சோயாவை மூக்கில் போட்டுக்கொள்கிறானா? சோயாப்பால் கொதித்துத் தாஹுக் கட்டியாகிற உங்கள் கொப்பரைக்கும் அவன் விளையாடும் இடத்துக்கும் எத்தனை அடி? "நிறைய" என்று எழுதாதீர்கள். எண் வேண்டும்.

இத்துடன் சிறு ஆலைகளுக்கான எரிபொருள் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் பகுதிக்கு உங்கள் ஆலைதான் பட்டியலில் இருக்கிறது. உண்மையை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
கினாசி


புளோரா,
24 ஜூன் 1998

கினா,

பதினெட்டு அடி. கயிறு போட்டு அளந்தேன். ஒரு முனையை உன் மகன்தான் பிடித்திருந்தான், அதனால் ஒன்றிரண்டு அடி கூடக்குறைய இருக்கும். மல்லாந்து படுக்கிறான், கையைக் காலைப் பரப்பி, மாவட்ட அதிகாரி மாதிரி. மூக்கில் சோயா போட்டது ஒரே ஒரு தடவை. தும்மினான், வந்துவிட்டது.

நன்றாகச் சாப்பிடுகிறான். அங்கே பால்பவுடர் டப்பா என்ன விலை என்று என் தம்பி சொன்னான், எனக்குத் தலை சுற்றியது. இங்கே காலையில் அரைக்கிற சோயாப்பாலில் முதல் குவளை அவனுக்கு. ஆட்களெல்லாம் அவன் குடித்து முடிக்கிறவரை காத்திருக்கிறார்கள். புதுசாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டான். ஆட்சியைச் சீர்திருத்தச் சொல்லி மாணவர்கள் கோஷம் போட்டு ஊர்வலம் போனதை வாசலில் நின்று பார்த்தான். அன்றிலிருந்து தலையில் தண்ணீர் ஊற்றப் போனால் முஷ்டியைத் தூக்கி "ரெஃபோர்மாசி" என்கிறான். மூன்று நாளாகக் குளிக்கவில்லை.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சூளை அணைந்தது, கட்டிடம் நின்றது, பெட்ரோல் விற்கவில்லை, அதனால் மலை தெரிகிறது. சரி. அப்படியானால் வேலை? என் தம்பி இருந்த கார் தொழிற்சாலையும் மூடித்தானே அவன் வீட்டில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருக்கிறான்? மலையைப் பார்த்துக்கொண்டே பிள்ளை பட்டினி கிடக்க வேண்டுமா? நாடு ஒரு நிலைக்கு வரட்டும். நானே கொண்டுவந்து விடுகிறேன்.

படிவம் கிடைத்தது. அதற்குள் கிராம ஆபீசிலிருந்து வேறொரு படிவம் வந்துவிட்டது, நிரப்பியே. நான் முத்திரை குத்தினால் போதுமாம். "டீசல், நாற்பது பீப்பாய்." 1991இல் யாரோ எழுதியதை வருஷா வருஷம் பார்த்து எழுதுகிறார்கள். "நான் டீசலைக் கண்ணால பார்த்து ஆறு மாசம் ஆச்சே" என்றேன். எழுத்தர் சொன்னார்: "நம்பர் மாறினா மேல கேள்வி கேப்பாங்கக்கா." "மேலதான் இப்ப யாரும் நிலையா இல்லையேப்பா." "அதனாலதான்க்கா பழைய நம்பர். எந்த ஆளு வந்தாலும் ஒத்துப்போகும்."

குத்திக் கொடுத்துவிட்டேன். நீ கேட்டதால் சொல்கிறேன், இப்போது விறகு.

பாரினி


ஜகார்த்தா,
3 ஜூலை 1998

அன்புள்ள அக்கா,

விறகா?

டீசல் என்று நினைத்துத்தான் பதினெட்டு அடி என்றதும் நிம்மதியாக மூச்சு விட்டேன். விறகுப் புகைக்குப் பதினெட்டு அடி ஒரு தூரமா? நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சேனோவின் மூக்குக்குக் கீழே கறுப்பாக ஏதோ இருக்கிறது. மீசை என்கிறார் உங்கள் தம்பி. அவருக்கு இந்த நாட்களில் எல்லாமே சிரிப்பாக இருக்கிறது. வாழைக்காய் வியாபாரத்தில் முதல் தட்டு விற்றதிலிருந்து அப்படித்தான்.

அலுவலகத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் குல்தோம் மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறார். எண்கள் விழுந்துகொண்டே வருகின்றன. பத்து வருஷமாக ஒவ்வொரு அறிக்கையிலும் "குறைக்க முயல்வோம்" என்று எழுதிக்கொண்டிருந்தோம். முயலவே இல்லை, குறைந்துவிட்டது. "இத நாம செஞ்சதா எழுதிடலாம்மா" என்கிறார். "என்ன சார் செஞ்சோம்?" என்றேன். "தடுக்கல இல்ல?" என்றார்.

முன்னுரையை நான்தான் எழுதுகிறேன். மார்ச்சில் ஒரு அமைச்சருக்காக எழுதினேன், மே மாதம் இன்னொருவருக்காக. இப்போது பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டுத் தட்டச்சு செய்கிறேன்.

அக்கா, எனக்கு இந்த நாற்பது பீப்பாய் பிடிக்கவில்லை. இங்கே வருகிற படிவங்கள் எல்லாமே இப்படித்தான் 1991ஆக இருக்கின்றன. ஒரு படிவமாவது உண்மையாக இருக்கட்டும். என்ன மரம், மாதம் எத்தனை வண்டி என்று மட்டும் எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சேனோவை என்று அனுப்புவீர்கள் என்பதற்கு ஒரு தேதி எழுதுங்கள். "நிலை" என்பது தேதி இல்லை.

கினாசி


புளோரா,
13 ஜூலை 1998

கினா,

மீசைதான். கரித்துண்டால் அவனே வரைந்துகொண்டான். எங்கள் கொப்பரை ஆள் சமினுக்கு இருக்கிற மாதிரி வேண்டுமாம்.

உண்மை வேண்டும் என்றாய். கேட்டுக்கொள். தேக்கு.

கண்ணை விரிக்காதே. ஜனாதிபதி இறங்கிய வாரம் காட்டுக் காவலர்கள் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை பட்டப்பகலில் ஊரே ரம்பத்தோடு காட்டுக்குள் போனது. கிழவர்கள், பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும். திருவிழா மாதிரி சோறு கட்டிக்கொண்டு போனார்கள். "முப்பது வருஷம் அவங்க வெட்டினாங்க, இப்ப எங்க முறை" என்கிறார்கள். நல்ல கட்டைகள் லாரியில் போய்விடுகின்றன. கிளையும் துண்டும் எனக்கு. உமி மூட்டையைவிடத் தேக்குத் துண்டு மலிவு. மாவட்ட அதிகாரி வீட்டுக் கட்டிலுக்கு ஆகிற மரத்தில் நான் தாஹு வேகவைக்கிறேன். நன்றாக எரிகிறது, புகை அவ்வளவாக இல்லை, தாஹுவுக்கு ஒரு வாசனை வந்திருக்கிறது. சந்தையில் கேட்டு வாங்குகிறார்கள். கோழி வாங்க வழியில்லாத சனமெல்லாம் தாஹுவுக்கு வந்துவிட்டது. சோயா வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. அதனால் கட்டியைக் கொஞ்சம் சின்னதாக வெட்டுகிறேன். அதையும் எழுதிக்கொள்.

மாதம் பதினைந்து வண்டி.

இதையெல்லாம் தங்கச்சி மாதிரி என்று உனக்குச் சொன்னேன். உன் படிவத்துக்குச் சொல்லவில்லை. எழுதிவிடாதே. திருட்டுத் தேக்கு வாங்கினால் உள்ளே போட ஒரு சட்டம் இருக்கிறது. ஜனாதிபதி போனாலும் அது போகவில்லை.

தேதி கேட்டாய். அரிசி விலை ஒரு வாரம் அசையாமல் இருந்தால் எழுதுகிறேன்.

பாரினி


ஜகார்த்தா,
27 ஜூலை 1998

அன்புள்ள அக்கா,

இதை உட்கார்ந்து படியுங்கள். சேனோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் மேல் கோபம் வந்தால் அவன் முகத்தைப் பாருங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் படிவங்களுக்குக் கடைசி நாள். "எழுதிவிடாதே" என்ற வரி இரண்டாம் தாளின் பின்பக்கம் இருந்தது. நான் தாளைத் திருப்புவதற்குள் எழுதிவிட்டேன். தேக்கு, பதினைந்து வண்டி. பக்கத்தில் "நேரடியாக அறிந்தது" என்றும் போட்டு, சரிபார்த்த முத்திரையும் குத்திவிட்டேன். ஒரு உண்மையாவது இருக்கட்டும் என்ற பெருமை எனக்கு.

அது பெரிய விஷயமில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் கணினியில் ஒரு வழக்கம் உண்டு. சரிபார்த்த படிவம் இருந்தால் சரிபார்க்காதவற்றைத் தள்ளிவிடும். ஜாவாவின் தாஹு ஆலைகளிலிருந்து முப்பத்தொரு படிவம் வந்திருந்தது. சரிபார்த்தது ஒன்றே ஒன்று. அதை எடுத்து, தீவில் உள்ள அத்தனை ஆலைகளாலும் பெருக்கிவிட்டது. அதன் கணக்குப்படி ஜாவாவில் தாஹு விற்கிற எல்லாரும் தேக்குதான் எரிக்கிறார்கள். பதினோரு மாதத்தில் தீவில் தேக்கு மரமே இருக்காது.

எண் ஏறிவிட்டது அக்கா. அணைந்த சிமெண்ட் சூளைகள், ஓடாத கார்கள், என் வீட்டுக்காரரின் வேலை, எல்லாம் சேர்ந்து இறக்கியதை உங்கள் ஒரு அடுப்பு ஏற்றிவிட்டது. குல்தோம் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"என்னம்மா இது. நாடு கவுந்து கெடக்கு, யாருக்கும் வேலை இல்ல, அப்புறம் எப்படிப் புகை கூடும்?"

"காடு எரியுது சார்."

"எங்க?"

"தாஹுவுக்கு அடியில சார்."

"யாரு இந்த பாரினி?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். காது சிவந்துவிட்டது. "நேர்ல போய்ப் பார்த்துட்டு வா. உண்மைன்னா வனத்துறைக்கு எழுதணும்" என்றார். வேறு யாரையும் அனுப்பப் பயணப்படி கொடுக்க வழியில்லை, அதனால் நானே. பயண உத்தரவில் குத்த முத்திரை இல்லை, பழைய முத்திரையில் பழைய அமைச்சரகத்தின் பெயர் இருக்கிறது. அதைப் பாதி மையில் குத்திக் கொடுத்தார்கள், படிக்க முடியாதபடி.

ஆகஸ்ட் 6ஆம் தேதி வருகிறேன். என் கண்ணில் படுவதை நான் எழுதியாக வேண்டும். அதனால் என் கண்ணில் என்ன படுகிறது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அரசு ஊழியர் ஒருத்தி எழுதக் கூடாது.

திரும்பும்போது சேனோ என்னோடு வருகிறான். அவனுடைய நீலச் சட்டையைத் துவைத்து வையுங்கள்.

கினாசி


ஜகார்த்தா,
13 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்தேன். தனியாக.

முதலில் அலுவலக விஷயம். உங்கள் ஆலையில் நான் பார்த்தது உமி. அடுப்பில் உமி, கொட்டகையில் உமி, வாசலிலிருந்து கொப்பரை வரை உமி. அப்படித்தான் எழுதியிருக்கிறேன், எண் மறுபடி இறங்கிவிட்டது. இரண்டாம் நாள் சேனோவின் பாய்க்கு அடியில் இடித்தது என்ன என்று நான் தூக்கிப் பார்க்கவில்லை. ஆட்கள் எல்லாரும் அந்தப் பாயின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டதையும் நான் கவனிக்கவில்லை. எட்டு பேர், ஒரு பாய்.

ஆனால் வரும் வழியில் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. பஸ் ஒரு மணி நேரம் போனது, இரண்டு பக்கமும் வெறும் அடிக்கட்டைகள். நீங்கள் எழுதியபோது சிரித்தேன். நேரில் சிரிப்பு வரவில்லை. அதனால் யார் பெயரும் இல்லாமல் இரண்டு வரி எழுதினேன். எரிபொருளில் இவ்வளவு குறைந்தது. காட்டில், எவ்வளவு என்று இன்னும் யாருக்கும் தெரியாத அளவு கூடியது. குல்தோம் படித்துவிட்டு, "ரெண்டும் உண்மையா?" என்றார். "ஆமா சார்." முதல் வரியை முன்னுரையில் போட்டுவிட்டு இரண்டாவதை நாற்பத்தோராம் பக்கத்துக்கு அனுப்பினார். "எடுக்கலம்மா. தள்ளி வச்சிருக்கேன். எந்த அமைச்சரும் அவ்வளவு தூரம் நடக்க மாட்டாரு."

இப்போது என் விஷயம்.

உங்கள் ஆட்கள் எனக்குப் பயந்து மூன்று நாளும் "ஆபீசரம்மா, ஆபீசரம்மா" என்று கூப்பிட்டார்கள். சேனோவும் அப்படியே கூப்பிட்டான். ஸ்டேஷனுக்குப் புறப்படும்போது உங்கள் இடுப்புச் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு, "ஆபீசரம்மா போகட்டும், நான் இருக்கேன்" என்றான். நான் இழுத்திருக்கலாம். நீங்களும் தடுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இழுக்க எனக்குக் கை வரவில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் "என்னம்மா, சாவு வீட்டுக்கா?" என்றார். "இல்ல, ஆபீஸ் வேலையா" என்றேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நாடு சரியானால் சேனோவை அனுப்புவேன் என்றீர்கள். நான் சொன்னது காற்று சரியாகிவிட்டது என்று. ஒரு வருஷமாக இந்த எண்களோடு உட்கார்ந்திருக்கிறேன் அக்கா, எனக்கு ஒன்று புரிகிறது. நாடு சரியானால் சூளை எரியும், கார் ஓடும், மலை மறையும். அப்போது நான் "இந்தப் புகையிலா பிள்ளையை வளர்ப்பது" என்று பயப்படுவேன். மலை தெரிந்தால் நாடு சரியில்லை என்று நீங்கள் பயப்படுவீர்கள். நம் இருவர் கணக்குப்படியும் அவன் வீட்டுக்கு வரவே நாள் கிடையாது. அதற்குள் அவனுக்கு இருபது வயதாகிவிடும், உங்கள் சமின் மாதிரி உண்மையான மீசையோடு வந்து என்னை ஆபீசரம்மா என்பான்.

எனக்கு நல்ல நாடும் வேண்டாம், நல்ல காற்றும் வேண்டாம். இருக்கிற நாட்டில், இருக்கிற காற்றில் என் பிள்ளை வேண்டும்.

கினாசி


புளோரா,
22 ஆகஸ்ட் 1998

கினா,

பாய்க்கு அடியில் இருந்தது எட்டுக் கட்டை. நீ தூக்காமல் விட்டதற்கு நன்றி. அவற்றை எரிக்கவில்லை. எரிக்கலாம் என்று எடுத்தேன். நீ வழியில் பார்த்ததைச் சோறு தின்னாமல் உட்கார்ந்து சொன்னாயே, அது ஞாபகம் வந்து தொலைத்தது. சமின் அவற்றில் ஒரு பெஞ்சு செய்கிறான். உமியில் வேக நேரம் ஆகிறது, கண் எரிகிறது, வாடிக்கைக்காரிகள் "பழைய வாசனை எங்க?" என்கிறார்கள். எத்தனை நாள் தாங்குவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். உமி விலை ஏறினால் பார்க்கலாம்.

உன் கடிதத்தை வாசலில் வைத்துப் படித்தேன். எனக்கு நாற்பத்தொரு வயது. இந்த நாடு ஒரு நிலையில் இருந்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. முப்பது வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்திருந்ததால் நிலையாக இருந்தது என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான். அது ஒரு சாக்கு. கட்டிக்கொண்டவனும் போய், பிள்ளையும் இல்லாதவளுக்குக் காலையில் முதல் குவளையை ஊற்றிக் கொடுக்க ஒருத்தன் இருந்தான். அதை நிலை என்று எழுதிவிட்டேன்.

நீ போன மறுநாளிலிருந்து அவன் என்ன செய்கிறான் தெரியுமா? கையில் ஒரு தாள், காதில் ஒரு குச்சி. ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போய் "எத்தனை வண்டி?" என்று கேட்கிறான். அவர்களும் நின்று பதில் சொல்கிறார்கள். சமின் "ரெண்டு வண்டிங்க ஆபீசர்" என்றால் "பொய்" என்கிறான். சாயங்காலமானால் வாசலுக்குப் போய் நிற்கிறான். நேற்று கேட்டான்:

"ஆபீசரம்மா எப்ப வருவா?"

"அது உன் அம்மாடா."

"தெரியும்."

தெரிந்தேதான் கேட்கிறான். எனக்குத்தான் தெரியாமல் போனது.

வரும் வியாழக்கிழமை ரயில். கொப்பரையைச் சமின் பார்த்துக்கொள்வான். ஸ்டேஷனுக்கு என் தம்பியும் வரட்டும், வாழைக்காய் கருகினால் கருகட்டும். நான் இரண்டு நாள் இருப்பேன். பிள்ளை என்ன காற்றில் வளரப்போகிறான் என்று பார்த்துவிட்டு வருவேன். குறை சொல்லத்தான் செய்வேன், தயாராக இரு.

இன்று பக்கத்து ஊர் சேப்பு ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தேன். மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்றார் கவுண்டரில் இருந்தவர். "அவன் படுத்தா முழு பெஞ்சும் வேணும், ஒண்ணு போடுங்க" என்றேன். எனக்குத் திரும்பி வர ஒன்று எடுத்தேன். "சின்னவருக்கும் திரும்பி வர போட்டுரட்டுமா?" என்றார். இரண்டு தடவை கேட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது தடவை கேட்டபோதுதான், "அவனுக்குப் போக மட்டும்" என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.

பாரினி